ஐந்தாம் ரீலுக்குப் பின் நான்காம் ரீல்

மதியம் வரப்போகும் லாரிக்கு எழுதிய பெயர் சன்னாசி. லாரி தம்பினுக்குப் போகும். தம்பினில் ரயில். ரயில் ஏறினால் சயாம். காயு ஆரா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை. அதனால் பெயரைப் படித்தபோது யாரும் அழவில்லை. அழுது பார்த்தாகிவிட்டது.

"பெத்துலா, பொஹோங்கா?" என்று கேட்டான் மொரிதா.

உண்மையா, பொய்யா? தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஜப்பான் பட்டாளம் உட்கார வைத்திருந்த துரை அவன். அவன் பேசும் மலாயில் பாதி இந்த இரண்டு சொற்கள்தான். மீதியில் பாதி வசவு.

தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ராஜரத்தினம் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசைக்குப் பக்கத்தில், கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் மணியம். குற்றச்சாட்டு அவருடையது. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில், சன்னாசி கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்கப் படம் காட்டினான். மண்டோர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். குதிரை ஓடியது.

அமெரிக்கப் படங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்து வெகு நாளாகிறது. சன்னாசி ஒப்படைத்துவிட்டதாகச் சொல்கிறான். படம் காட்டும் யந்திரம் மட்டும் அவன் வசமே இருக்கிறது. மொரிதாவின் யுத்தச் செய்திப் படங்களை ஓட்ட ஆள் வேண்டுமே. தோட்டத்தில் அந்த யந்திரத்தின் பிடியைச் சுற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"யந்திரம் சும்மா கிடந்தாலும் சரி, காட்டியவனும் லாரி, பார்த்தவனும் லாரி" என்றான் மொரிதா, விரலால் மேசையில் கோடு போட்டபடி. "பொய் என்றால் மண்டோர் வேறு ஆள் தரவேண்டும். எனக்கு ஓர் ஆள். கிராணி, உனக்குத்தான் படம் தெரியுமே. லாரி வருவதற்குள் விசாரித்துச் சொல்."

ராஜரத்தினம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். ஆபீஸ் படியில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள் பஞ்சாலை.

"என்னாங்க ஐயா, கேசு கெடைச்சிடுச்சா?"

"கிடைச்சிட்டுது. மதியத்துக்குள்ள முடிக்க வேணும்."

"எந்த மதியம்? நம்ம மதியமா, டோக்கியோ மதியமா?"

"டோக்கியோ மதியம். ஆபீஸ் மணிக்கூடு அந்த நேரத்துக்குத்தானே ஓடுது."

"அப்ப போச்சு. நமக்கு வெயிலே ஏறியிருக்காது, அவனுங்களுக்கு மதியம் ஆயிடும்லா." அவள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, நடப்போம்."

பஞ்சாலையை வேலைக்கு வைத்தது ஆபீஸ் பெருக்க. ஆனால் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் கிராணியிடம் வாய் திறக்க மாட்டார்கள், பஞ்சாலை பக்கத்தில் நின்றால் வாயை மூட மாட்டார்கள். கோழி காணாமல் போன விவகாரம் முதல் அரிசி மூட்டை விவகாரம் வரை அவர் துப்பறிந்தது எல்லாம் அந்தத் துடைப்பத்தின் நிழலில்தான். அவள் புருஷன் முதல் லாரியிலேயே போனவன். அதைப்பற்றி அவள் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? அந்த ஜப்பான்காரன் ஏன் உங்களப் பாத்து படம் தெரியும்ங்கிறான்? நீங்க நடிச்சிருக்கீங்களா?"

"இல்லை. சிரம்பானில படங்களை வாடகைக்கு அனுப்பிற கொம்பனியில கிளார்க்காய் இருந்தனான். அமெரிக்காவில இருந்து வாற படமெல்லாம் என்ர கையாலதான் தோட்டந் தோட்டமாய்ப் போகும். அப்ப ஒரு யோசனை வந்தது. அமெரிக்கச் சினிமாவுக்கு ஒரு சரித்திரம் எழுதுவம் எண்டு."

"அமெரிக்கா போகாமயா?"

"அமெரிக்காவில இருக்கிறவன் படம் எடுத்த கதையை எழுதட்டும். படம் பார்த்த கதையை ஆர் எழுதிறது? ஒரே படம் நீலாயில ஓடினால் ஒரு படம், தம்பினில ஓடினால் வேற படம். இடையில அறுந்திருக்கும், ஒட்டியிருக்கும், ஒரு ரீல் காணாமப் போயிருக்கும். அதை ஆராய ஒரு முறை வேணும்."

"எழுதுனீங்களா?"

"எழுதினன். வெள்ளைக்காரன் ஓடின கிழமை எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன். வீட்டில இங்கிலீஷ் எழுத்து இருந்தால் ஆபத்து எண்டினம்."

"ஐயோ."

"பரவாயில்லை" என்றார் ராஜரத்தினம். உண்மையாகவே பரவாயில்லை போலத்தான் அவர் குரல் இருந்தது. "எழுதினது போச்சுது. முறை மிச்சம்."

"அந்த முறையத்தான் சொல்லுங்களேன். லயம் போய்ச் சேர்ற வரைக்கும் பொழுது போகணும்ல."

"ஒருத்தர் ஒரு படத்தைப் பற்றிச் சரியாய்ச் சொன்னால் அதால பிரயோசனம் இல்லை. சரியானதை ஆரிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளலாம். பிழையாய்ச் சொல்லவேணும். ரெண்டு பேர் ஒரே பிழையைச் சொன்னால், ரெண்டு பேரும் ஒரே கொட்டகையில, ஒரே நாளில இருந்தவை எண்டு அர்த்தம். பிழைக்குத்தான் ஊரும் நாளும் உண்டு."

பஞ்சாலை துடைப்பத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். "நல்ல முறைதான். அப்ப என்னைய மாதிரி ஆளுதான் உங்களுக்கு ராசா."

*

லயத்துக் குழாயடியில் மங்கம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை சேலையாக இல்லை; பாதி கோணிச் சாக்கு. கிராணியைக் கண்டதும் எழப் பார்த்தாள், பஞ்சாலை தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"அக்கா, இவருக்குக் குதிரைக்காரன் படத்துக் கதையச் சொல்லு. பயப்படாத. சண்டைக்கு முன்னாடி பயாஸ்கோப் முதலாளி சன்னாசியோட வந்து மைதானத்துல போட்டாரே, அது. இங்க குதிரை ஓடுன படம் அது ஒண்ணுதானே."

"அதுக்கு என்னாடி பயம்? அப்ப வெள்ளைக்காரனே நாக்காலி போட்டு உக்காந்து பாத்தான்." மங்கம்மாவின் முகத்தில் பழைய சிரிப்பு ஒன்று வர நினைத்துத் திரும்பிப் போனது. "நல்லவன நாலு பேரு சேந்து சுட்டுப்புடுறானுங்க ஐயா. குழி வெட்டிப் பொதைச்சி, சிலுவையும் நட்டாச்சு. நாங்கல்லாம் மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கோம். பாத்தா, அதே மூஞ்சி குதிரை மேல வருது!"

"செத்தவரோ?"

"இல்லீங்க. அவன் தம்பி. ரெட்டப் புள்ள. முதலாளி வெள்ளத்துணி பக்கத்துல நின்னு கத்துனாரு, 'பயப்படாதீங்க, இவன் தம்பி, பழி வாங்க வர்றான்'ன்னு. தம்பிக்காரன் நேரா அண்ணி வீட்டு வாசல்ல எறங்குறான். அவ உள்ளேருந்து நடையில காலு வைக்கிறா. பொட்டுனு லைட்டு போச்சு. வெளக்குக்குக் கார்பைடு தீந்துடுச்சு, சுபம்னுட்டாரு முதலாளி."

"பழி வாங்கினவனோ?"

"அது யாருக்குத் தெரியும்? எங்க மாமனாரு சாகுற வரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

திரும்பும்போது ராஜரத்தினம் மனத்துக்குள் ரீல்களை அடுக்கிக்கொண்டு வந்தார். அந்தப் படத்தை அவருக்குத் தெரியும். அவரே பெட்டி கட்டி அனுப்பியது. அதில் தம்பி கிடையாது. நாயகன் நான்காம் ரீலில் வெகு நாள் கழித்து வீடு திரும்புகிறான். ஐந்தாம் ரீலில் சுடப்பட்டுச் சாகிறான். படம் சிலுவையோடு முடிகிறது.

"நீரும் அண்டைக்கு அங்க இருந்தனீரோ?"

"மைதானத்துலயா? இருந்தேன்லா. அந்தப் பொம்பள மாதிரி ஒரு வாளித் தண்ணிய நாம கீழ போட்டோம்னா, எங்க மாமியா உரிச்சி உப்புல போட்டிருக்கும். தண்ணிக்கு எம்மாந்தூரம் நடக்கணும் அப்பல்லாம்."

ராஜரத்தினம் சரியாகக் கேட்கவில்லை. உரக் கிடங்கு வந்துவிட்டது.

*

சன்னாசியை உரக் கிடங்கில் பூட்டியிருந்தார்கள். பலகை இடுக்கில் அவனுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"ஐயா, நான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"அதைப் பிறகு கதைப்பம். மைதானத்தில காட்டினியே, அண்டைக்கு ரீல் மாறினது என்னெண்டு?"

கண் இமைத்தது. இதையா கேட்கிறீர்கள் என்பதுபோல.

"எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. பெட்டி மேல சாக்கட்டியில கோடு போட்டு வச்சிருப்பேன். நாலு கோடு, அஞ்சு கோடு. நீலாயிலேருந்து மாட்டு வண்டியில வரும்போது மழை. கோடெல்லாம் அழிஞ்சிருச்சு. கையில வந்ததச் சுத்திட்டேன். கடைசிக்கு முந்தினது கடைசியா வந்துருச்சு."

"செத்தவன் திரும்பி வந்திட்டான்."

"ஆமாங்க. முதலாளிதான் சமாளிச்சாரு. தம்பின்னுட்டாரு. ஆனா அந்த ரீல் முடிவுல அவ அவனக் கட்டிப் புடிப்பாளே! அண்ணி தம்பியக் கட்டிப் புடிச்சா தோட்டத்துல விடுவாங்களா? துணியக் கிழிச்சிருப்பானுங்க. அதான், அவ நடையில காலு வச்சதும் முதலாளி ஓடியாந்து வெளக்க ஊதி அணைச்சிட்டாரு. என்னையப் போட்டு நாலு அறை. அதுக்கப்புறம் எந்தத் தோட்டத்துலயும் அப்படி மாறல. நூலு கட்ட ஆரம்பிச்சேன் பெட்டிக்கு."

"மாறினது இந்தத் தோட்டத்தில மட்டும்தான்?"

"இங்க மட்டும்தாங்க."

"அந்த முதலாளி இப்ப எங்க?"

"கப்பல் ஏறி ஊருக்குப் போய்ட்டாரு. நான் ஏறல." அந்தக் கண் பலகையிலிருந்து விலகியது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "லாரி வந்துருச்சாங்க?"

"இன்னும் இல்லை."

ராஜரத்தினத்தின் நடையில் வேகம் வந்தது. இவ்வளவு நாளில் பஞ்சாலை பார்த்திராத வேகம்.

"பிடிச்சிட்டன்" என்றார். "மண்டோர் எங்கட தோட்டத்துக்கு ஜப்பான்காரன் வந்த பிறகுதானே வந்தவர்?"

"ஆமா. தம்பின் பக்கத்துலேருந்து வந்தாரு."

"அப்ப மைதானத்தில பார்த்திருக்கேலாது. இப்ப அவரைக் கதை சொல்லச் சொல்லிக் கேப்பன். 'தம்பி' எண்டு சொன்னாரோ, முடிஞ்சுது. லயத்தில ஆக்கள் சொன்ன பழைய கதையைக் கேட்டு, கண்ணால கண்டமாதிரிச் சொல்லுறார் எண்டு காட்டிப்போடலாம். ஏனெண்டால் தம்பி படத்தில இல்லை. முதலாளியின்ர வாயில மட்டும்தான் இருந்தவன்."

"சன்னாசி தப்பிச்சிடுவான்?"

"ஓம்."

"ஓம்" என்று அவரைப்போலவே சொல்லிப் பார்த்தாள் பஞ்சாலை. சிரிக்கவில்லை.

*

மண்டோர் மணியம் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பால் வரத்து நின்று வெகு காலம். தராசு மட்டும் தொங்கியது.

"வாங்க கிராணியாரே. எல்லாம் சொல்லிட்டேனே."

"குதிரை எண்டு சொன்னனீங்கள். குதிரை ஜப்பான் படத்திலயும் ஓடுது. அமெரிக்கப் படம் எண்டு என்னெண்டு பிடிச்சீங்கள்? துரை கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

மணியம் தராசைப் பார்த்தார். பொறி வைக்கிறார்கள் என்று நினைக்கிற முகம் இல்லை அது. வேறு எங்கோ இருந்த முகம்.

"ஜப்பான் படத்துல அப்படி வராது" என்றார். "ஒருத்தனச் சுடுறாங்க. பொதைக்கிறாங்க. மண்ணத் தள்ளி மூடுறாங்க. சிலுவைய நடுறாங்க."

"பிறகு?"

"அப்புறம் அவன் வர்றான்."

"ஆர்?"

"செத்தவன்தான்."

ராஜரத்தினம் மெல்லக் கேட்டார். "தம்பியோ?"

"எந்தத் தம்பி? அவனேதான். அதே தொப்பி, அதே நடை. குதிரையவிட்டு எறங்குறான். அவன் பொண்டாட்டி தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு நடையில வந்து நிக்கிறா. பாக்குறா. வாளி கீழ விழுந்துடுச்சு. தண்ணி அப்படியே வாசல்ல ஓடுது. அவ அதப் பாக்கவே இல்ல. ஓடிப்போயி..." மணியம் கையைத் தூக்கி, எதையோ பிடிப்பதுபோலக் காற்றில் வைத்து, மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். "அவ்ளோதான். முடிஞ்சிடுச்சு."

ராஜரத்தினம் ஆடிக்கொண்டிருந்த தராசுச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு வெளியே வந்தார். பஞ்சாலை ரப்பர் மர நிழலில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தபடியே அவர் வந்தார். வழியில் அவள் சொன்ன வாளி இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. பழைய கூட்டம் வாளி விழுந்ததைப் பார்க்கவில்லை. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. வேறு ஊரில் பார்த்தவனுக்கு வாளி தெரியும், ஆனால் அங்கே நாயகன் வீடு வந்து பிறகு சாவான். செத்த பிறகு வந்து, வாளியும் விழுந்து, தம்பியும் இல்லாத படம் ஒன்றுதான். அதைக் காட்டும்போது கத்துவதற்கு முதலாளி இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை.

மண்டோர் சொன்னது நிஜம். புகைக் கொட்டகையில் படம் ஓடியிருக்கிறது.

"பஞ்சாலை."

"சொல்லுங்க."

"மைதானத்தில வாளி விழேல்லை."

அவள் துடைப்பத்தின் ஈர்க்குகளைச் சரிசெய்தாள். ஒவ்வொன்றாக.

"நீங்கதான் சொன்னீங்களே ஐயா. ரெண்டு பேரு ஒரே தப்பச் சொன்னா ஒரே கொட்டகையில இருந்தவங்கன்னு. அப்பவே எனக்குத் தெரியும், நீங்க என்னையும் புடிப்பீங்கன்னு."

"ஆர் கேட்டது, படம் போடச்சொல்லி?"

"நான்தான். ரீல மாத்திப் போடச் சொன்னதும் நான்தான். சன்னாசி, 'இப்ப எனக்கு வரிசை தெரியும்க்கா, சரியாப் போடறேன்'னான். சரியாப் போட்டா அவன் செத்துப் போறான்டா, தப்பாப் போடுன்னேன். சயாமுக்கு ஆள் போன வீட்டுக்காரிங்க மட்டும்தான் உள்ள. ஒருத்தியும் மூச்சு விடல. தம்பி கிம்பின்னு சொல்ல ஆளு இல்ல. செத்தவன் வந்தான். எறங்குனான். அவ்ளோதான்."

"எத்தனை தரம்?"

"ஒரே வாட்டிதான்."

ராஜரத்தினம் மரத்தில் சாய்ந்தார். தன் வாழ்நாளில் ஒரு படம் ஓடிய இடத்தையும் நாளையும் இவ்வளவு சந்தேகமில்லாமல் அவர் நிரூபித்ததில்லை. சிரம்பானில் இருந்தபோது இப்படி ஒன்று கிடைத்திருந்தால் அன்று சம்பளம் வாங்காமலே சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது ஒன்றும் இல்லை. வாயில் காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கின் ருசி மட்டும்.

"மண்டோர் கதவிடுக்கில பார்க்கேல்லை" என்றார். "துவக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் உள்ளதான் இருந்திருக்கிறார். இல்லாட்டி செத்தவனும் வந்தவனும் ஒராள் எண்டு தெரிஞ்சிருக்காது."

"கடைசியில, இருட்டுல நின்னிருக்கணும். எங்களுக்குத் தெரியாது." பஞ்சாலை கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "அவரு மூத்த மவனும் போனவன்தானே."

"பிறகு ஏன் காட்டிக்குடுக்கிறார்?"

"இந்த லாரிக்கு ஆளு இல்ல ஐயா. மிச்சம் இருக்குற திடமான ஆம்பள ரெண்டே பேருதான். ஒண்ணு சன்னாசி. இன்னொண்ணு சந்திரன். அவரோட ரெண்டாவது மவன்."

தூரத்தில், புக்கிட் பெலண்டோக் பாதையில், லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் பஞ்சாலை. "பெத்துலா, பொஹோங்கா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஆபீஸை நோக்கி நடந்தார்.

*

மொரிதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சன்னாசியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மணியமும் வந்து நின்றார்.

"துரையின் அனுமதியோடு மண்டோரிடம் ஒரே ஒரு கேள்வி" என்றார் ராஜரத்தினம் மலாயில். அதையே தமிழிலும் சொன்னார். "மண்டோர், நீங்கள் துரையிட்டச் சொன்னது, கதவிடுக்கில எட்டிப் பார்த்தன், குதிரை ஓடினது எண்டு. சரியோ?"

"சரி."

"எட்டித்தான் பார்த்தீங்கள்?"

"ஆமா."

"எட்டிப் பார்த்தவருக்குக் குதிரை மட்டும்தான் தெரியும். துரையின்ர செய்திப் படத்திலயும் குதிரைப் பட்டாளம் போகுது. சன்னாசி அந்தப் படத்தைக் காட்டுறதுக்கு முதல் யந்திரத்தைச் சுத்திப் பார்க்கிறவன். அதைத்தான் நீங்கள் கண்டிருக்க வேணும்." ராஜரத்தினம் மூச்சு வாங்கினார். "இல்லை, அது அமெரிக்கப் படம்தான் எண்டு அடிச்சுச் சொல்லுறது எண்டால், கதை தெரியவேணும். கதை தெரிய, துவக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் உள்ள இருந்து பார்த்திருக்க வேணும். பார்த்தவனும் லாரி எண்டு துரை சொல்லியிருக்கிறார். இப்ப சொல்லுங்கோ. நீங்கள் கண்டது குதிரையோ, கதையோ?"

சுவரோரம் நின்ற சன்னாசி நிமிர்ந்து பார்த்தான். முதல் முறையாக.

மணியம் ராஜரத்தினத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அந்தக் கேள்வியின் இரண்டு கதவுகளையும் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டும் எங்கே போகின்றன என்று தெரிந்துகொண்டவரின் பார்வை.

கதை என்று சொன்னால் சன்னாசி போவான், மணியமும் போவார், அன்று உள்ளே இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக இழுப்பார்கள். ஆனால் சந்திரன் தப்புவான். லாரியில்தான் ஆள் நிறைந்துவிடுமே.

குதிரை என்று சொன்னால் சந்திரன்.

மொரிதா நாற்காலியில் அசைந்தான். "சொல்!"

"குதிரைதாங்க" என்றார் மணியம். "குதிரை மட்டும்தான் பாத்தேன்."

ராஜரத்தினம் அதை மலாயில் சொன்னார். அவர் குரல் கணக்குப் படிக்கிற குரல்போல இருந்தது. மொரிதா சலிப்போடு கையை வீசினான். சன்னாசியின் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். போகச் சொல்லியும் போகத் தெரியவில்லை.

"ஆள்" என்றான் மொரிதா. "மண்டோர், எனக்கு ஓர் ஆள்."

லாரி வாசலில் வந்து நின்றது. ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். வரிசை என்று சொல்லத் தக்க வரிசை இல்லை, கிழவர்களும் காய்ச்சல்காரர்களும். நடுவில் சந்திரன் ஒருவன்தான் ரப்பர் மரம்போல நின்றான். மொரிதாவின் கண் நேரே அவனிடம் போய் நின்றது. விரல் எழுந்தது.

அதற்குள் மணியம் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. லாரியின் பின்பக்கப் பலகையைப் பிடித்தார். ஒரு தடவை வழுக்கியது. மறு தடவை ஏறிவிட்டார்.

சிப்பாய் தலைகளை எண்ணினான். எண்ணிக்கை சரியாக வந்தது. மொரிதா தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவனுக்கு யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

"கிராணியாரே" என்றார் மணியம் மேலேயிருந்து. "நல்லாக் கேட்டீங்க."

லாரி திரும்பியது. செம்மண் புழுதி எழுந்து அடங்கும் வரை சந்திரன் அதே இடத்தில் நின்றான். யாரும் அழவில்லை.

*

மறுநாள் காலையில் மணியத்தின் மனைவி செல்லம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். ராஜரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார். என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்பாள். அதற்கான பதிலை அவர் விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

செல்லம்மா உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொரிதாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஐயா, அந்தப் படத்த மறுபடி எப்ப போடுவாங்க?"

ராஜரத்தினம் கணக்குப் புத்தகத்தை மூடினார். "எந்தப் படம்? அப்பிடி ஒரு படம் இங்க காட்டேல்லை. நேற்றே முடிவாச்சுது."

"அவரு சொல்லியிருக்காரு ஐயா. எங்க மூத்தவன் போனதுலேருந்து சோறு எறங்காம கெடந்தவரு, அதப் பாத்துட்டு வந்த அன்னிக்குத்தான் ஒரு வாய் சாப்புட்டாரு. நானும் வர்றேன்னேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வேணாம்னுட்டாரு." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்ப எனக்கும் ரெண்டு ஆளு போயிருக்கு. எனக்கும் எடம் குடுப்பாங்கல்ல?"

ராஜரத்தினம் மூலையைத் திரும்பிப் பார்த்தார். படம் ஒரே வாட்டிதான் ஓடியது என்று நேற்றுச் சொன்னவள் அங்கே இருந்தாள்.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த பஞ்சாலை நிமிரவில்லை. துடைப்பம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"குடுப்பாங்கக்கா" என்றாள். "ஆனா இப்பல்லாம் கூட்டம் அதிகமாயிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே வந்துடு."